14 மாதக் குழந்தைக்கு மயக்க மருந்து: ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் மயக்கவியல் பிரிவு பற்றிய மதிப்புரை

கடந்த ஆவணி மாதத்தில், அப்போது 14 மாதம் நிறைந்திருந்த என் மகனுக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை நடந்தது. மருத்துவமனைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை நிபுணரைப் பற்றியும், அறை வசதியைப் பற்றியும், கட்டணத்தைப் பற்றியுமே எழுதுகிறார்கள். மயக்க மருந்து கொடுப்பவரின் பெயர்கூடப் பலருக்கு நினைவில் இருப்பதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் இரண்டு வாரங்கள் எல்லோருடைய தூக்கத்தையும் கெடுத்தது அந்த மயக்க மருந்துதான் என்பதால், நான் அந்தப் பிரிவின் சேவையைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். குறைகளையும் சேர்த்தே சொல்லப்போவதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதில் உள்ளவை எந்த ஊரில் எந்த மருத்துவமனைக்குச் செல்லும் பெற்றோருக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

குழந்தை அழும்போதெல்லாம் வலது தொடை இடுக்கில் ஒரு வீக்கம் தோன்றி, அழுகை நின்றதும் மறைந்துவிடும். ஒரு நாள் இரவு அது மறையாமல் கல் போல இறுகி, பிள்ளை இரண்டு முறை வாந்தியும் எடுத்துவிட்டான். அவசரப் பிரிவில் மருத்துவர் மெதுவாக அழுத்தி உள்ளே தள்ளிவிட்டு, இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்றார். மறுநாளே உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினார். மூன்று வயதுக்குள் மயக்க மருந்து கொடுத்தால் மூளை வளராது, அமெரிக்காவிலேயே எச்சரித்திருக்கிறார்கள் என்றது அந்தப் பதிவு. என் மாமியார், "மூணு வயசு வரைக்கும் பொறுத்துக்கலாமே" என்று சொல்லிக் கண்கலங்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் எனக்கும் அதே பயம்தான் இருந்தது.

நாங்கள் முதலில் சென்றது வீட்டுக்கு அருகில் இருந்த ஒரு சிறிய மருத்துவமனைக்கு. மூளை வளர்ச்சியைப் பற்றிக் கேட்டபோது, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா, டெய்லி பண்றதுதான்" என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது. மயக்க மருந்து மருத்துவர் யார் என்று கேட்டதற்கு, அன்றைக்கு யார் கிடைக்கிறார்களோ அவரை அழைத்துக்கொள்வோம் என்றார்கள். வெளியிலிருந்து மயக்கவியல் நிபுணரை வரவழைப்பது நம் ஊர்களில் சாதாரண நடைமுறை, அதில் தவறு இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் என் பிள்ளையின் மூச்சைக் கையில் எடுத்துக்கொள்ளப்போகிறவர் அதற்கு முன் ஒரு முறைகூட அவனைப் பார்த்திருக்க மாட்டார் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாவதாகச் சென்ற மருத்துவமனையில் மயக்க மருந்துக்கு முந்தைய பரிசோதனைக்கென்றே ஒரு தனி அறையும் வாரத்தில் மூன்று நாள் நேரமும் ஒதுக்கியிருந்தார்கள். இந்த மதிப்புரையில் நான் மிகவும் பாராட்ட விரும்புவது அந்த அறையில் கழிந்த நாற்பது நிமிடங்களைத்தான். அங்கிருந்த பெண் மருத்துவர் முதலில் குழந்தையின் எடையைத் தானே பார்த்தார், வாயைத் திறந்து தொண்டையையும் நாக்கையும் பார்த்தார், சளி இருக்கிறதா, குறட்டை விடுவானா, குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தின்போது காய்ச்சலோ தசை இறுக்கமோ ஏற்பட்டதுண்டா என்று கேட்டார். அதன் பிறகு நான் குரல் பதிவைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர் சிரிக்கவுமில்லை, எரிச்சல்படவுமில்லை. "நீங்கள் கேட்டது சரியான கேள்வி, அந்த எச்சரிக்கை உண்மையாகவே வந்ததுதான்" என்று தொடங்கினார்.

அவர் சொன்னதையும், வீட்டுக்கு வந்து நான் தேடிப் படித்துச் சரிபார்த்ததையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016 டிசம்பர் 14 அன்று ஓர் அறிவிப்பை வெளியிட்டது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இருக்கும் பெண்களுக்கும், மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் அல்லது திரும்பத் திரும்பச் செய்யப்படும் அறுவைச் சிகிச்சைகளில் மயக்க மருந்தும் தூக்க மருந்தும் கொடுப்பது, குழந்தையின் வளரும் மூளையைப் பாதிக்கக்கூடும் என்பதே அதன் சாரம். 2017 ஏப்ரலில் செவோஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன், புரோபோஃபால், கெட்டமின், மிடசோலம் உள்ளிட்ட 11 மருந்துகளின் விவரத்தாளில் இந்த எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. ஆனால் அந்த நிர்வாகத்தின் இதே அறிவிப்புகளில், ஒரே ஒரு முறை, குறைந்த நேரம் கொடுக்கப்படும் மயக்க மருந்தால் நடத்தையிலோ கற்றலிலோ பாதிப்பு வரும் வாய்ப்பு குறைவு என்றும், அவசியமான சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. அந்தப் பாதியைக் குரல் பதிவில் பேசியவர் சொல்லவே இல்லை.

அச்சம் எங்கிருந்து தொடங்கியது என்பதையும் அந்த மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார். பிறந்த முதல் சில ஆண்டுகளில் மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று இணைப்புகளை நெய்துகொண்டிருக்கின்றன. பயன்படாத அணுக்கள் தாமாகவே மடிந்துபோவதும் அந்த வளர்ச்சியின் ஒரு பகுதி. மயக்க மருந்துகள் பெரும்பாலும் நரம்பணுக்களுக்கு இடையிலான அடக்கும் சைகைகளைக் கூட்டுகின்றன, அல்லது தூண்டும் சைகைகளைத் தடுக்கின்றன. நெசவு மும்முரமாக நடக்கும் காலத்தில் நீண்ட நேரம் சைகைகள் நின்றுபோனால், மடிய வேண்டாத அணுக்களும் மடிந்துவிடுகின்றன என்பது விலங்குகளில் காணப்பட்டது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்து ஏழே நாளான எலிக்குஞ்சுகளுக்கு மூன்று மருந்துகளைச் சேர்த்து ஆறு மணி நேரம் கொடுத்தபோது, மூளை அணுக்கள் மடிந்ததோடு அவை வளர்ந்த பிறகு கற்றலிலும் பின்தங்கின. பிறந்து சில நாளே ஆன குரங்குக் குட்டிகளுக்குக் கெட்டமினை 24 மணி நேரம் தொடர்ந்து செலுத்தியபோது அணுச்சிதைவு தெரிந்தது; மூன்று மணி நேரம் மட்டும் செலுத்தியபோது தெரியவில்லை. எலியின் வாழ்நாளில் ஆறு மணி நேரம் என்பது எவ்வளவு பெரிய காலம் என்பதை யோசித்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் மனிதக் குழந்தைகளுக்கு வந்தார்.

எங்களுக்கு நேரடியாகப் பொருந்திய ஆய்வு, குடலிறக்கம் உள்ள கைக்குழந்தைகளிடமே நடத்தப்பட்டது. ஆஸ்திரேலியா, இத்தாலி, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, நெதர்லாந்து, நியூசிலாந்து ஆகிய ஏழு நாடுகளில் 28 மருத்துவமனைகளில் 722 குழந்தைகளை இரண்டு குழுக்களாகக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் செவோஃப்ளூரேன் வாயுவால் முழு மயக்கம். மற்றக் குழுவுக்கு விழித்திருக்கும் நிலையிலேயே முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மட்டும் மரத்துப்போகச் செய்யும் முறை. முழு மயக்கத்தில் இருந்த நேரம் பொதுவாக ஒரு மணிக்குச் சற்றுக் குறைவு. ஐந்து வயதில் அந்தக் குழந்தைகளின் நுண்ணறிவை அளந்து 2019-இல் வெளியிட்டபோது, முதுகு ஊசிக் குழுவின் சராசரி 99.08 ஆகவும், முழு மயக்கக் குழுவின் சராசரி 98.97 ஆகவும் இருந்தன. மேசையின் மீது அவர் எழுதிக் காட்டிய அந்த இரண்டு எண்களையும் என் கணவர் கைபேசியில் படம் எடுத்து அப்போதே அம்மாவுக்கு அனுப்பினார். அமெரிக்காவில் 105 குடும்பங்களில், மூன்று வயதுக்குள் மயக்க மருந்து பெற்ற குழந்தையையும் பெறாத உடன்பிறந்த குழந்தையையும் ஒப்பிட்டு 2016-இல் வெளியான ஆய்விலும் இருவருக்கும் சராசரி 111 என்றே வந்திருக்கிறது. ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டில் வளர்ந்த பிள்ளைகளை ஒப்பிட்டது எனக்கு மிகவும் நம்பிக்கை தந்தது.

அப்படியானால் என் பிள்ளைக்கும் முதுகு ஊசியே போடலாமே என்று கேட்டேன். அந்த முறை சில வார, சில மாதக் குழந்தைகளுக்குத்தான் ஒத்துவரும், 14 மாதப் பிள்ளை விழித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் அசையாமல் படுத்திருக்க மாட்டான் என்றார். அவன் அப்போது அவர் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்ததால், அதற்கு மேல் நான் வாதிடவில்லை.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தாலும் நான் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன். ஆனால் அவர் நல்ல செய்தியை மட்டும் சொல்லி அனுப்பவில்லை. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை 997 குழந்தைகளைப் பரிசோதித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதுக்குள் மயக்க மருந்தே பெறாதவர்களோடு ஒப்பிட்டபோது, ஒரு முறை பெற்றவர்களுக்கும் சரி, பல முறை பெற்றவர்களுக்கும் சரி, பொது நுண்ணறிவில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் பல முறை பெற்றவர்கள், தகவலைக் கிரகிக்கும் வேகத்திலும் விரல் நுணுக்க வேலைகளிலும் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். படிப்பிலும் நடத்தையிலும் சிரமம் இருப்பதாக அவர்களுடைய பெற்றோர் கூடுதலாகச் சொல்லியிருந்தார்கள். அது மருந்தின் விளைவா, பல அறுவைச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு நோயுற்றிருந்ததன் விளைவா என்பதை அந்த வகை ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. "அதனால் எங்கள் கொள்கை, தேவையில்லாமல் இரண்டாவது முறை கொடுக்கக் கூடாது என்பதுதான்" என்றார்.

அந்தக் கொள்கை வெறும் பேச்சாக இல்லை என்பதற்கு நாங்களே சாட்சி. என் மகனுக்கு நாக்கின் அடியில் உள்ள சவ்வு குட்டையாக இருந்ததால், இரண்டு வயதில் மயக்க மருந்து கொடுத்து அதை வெட்டிவிடலாம் என்று வேறொரு மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. வாயைப் பரிசோதித்தபோது இவரே அதைக் கவனித்துக் கேட்டார். உடனே அறுவைச் சிகிச்சை நிபுணருக்குத் தொலைபேசியில் பேசி, இரண்டையும் ஒரே மயக்கத்தில் முடித்துவிட ஏற்பாடு செய்தார். ஒரு முழு மயக்கம் எங்களுக்கு மிச்சமானது. பிளவு அண்ணத்துக்கும் இதயக் கோளாறுக்கும் பல முறை அறுவைச் சிகிச்சை தேவைப்படும் குழந்தைகளின் பெற்றோருக்கு இப்படி ஒரு மருத்துவர் கிடைப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அண்ணப் பிளவைத் தள்ளிப்போட்டால் பேச்சு கெடும், காது கேளாத குழந்தைக்குக் காதுக்குள் பொருத்தும் காக்ளியர் கருவியைத் தள்ளிப்போட்டால் பேச்சுமொழி எளிதில் வாய்க்காது. அந்தப் பெற்றோர் பயத்தில் காத்திருந்தால் இழப்பு மூளைக்கே என்பதையும் அவர்தான் சொன்னார்.

இனி குறைகளுக்கு வருகிறேன். வயிறு காலியாக இருக்க வேண்டிய நேரத்தை மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: திட உணவும் பசும்பாலும் ஆறு மணி நேரத்துக்கு முன்பு வரை, தாய்ப்பால் நான்கு மணி நேரத்துக்கு முன்பு வரை, வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை. ஆனால் முந்தைய மாலை வார்டிலிருந்து தொலைபேசியில் பேசிய செவிலியர், நள்ளிரவுக்குப் பிறகு தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். எதைக் கேட்பது என்று தெரியாமல், கண்டிப்பான பேச்சுக்கே பயந்து கீழ்ப்படிந்தேன். காலை எட்டு மணிக்கு என்று சொன்ன அறுவைச் சிகிச்சை, இடையில் ஓர் அவசர நோயாளி வந்ததால் பதினொன்றரைக்குத்தான் தொடங்கியது. பதினொரு மணி நேரத்துக்கும் மேல் ஒரு மடக்குத் தண்ணீர்கூட இல்லாமல், உதடு காய்ந்து, அழுவதற்கும் தெம்பில்லாமல் பிள்ளை என் தோளில் சாய்ந்து கிடந்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

இது வெறும் அழுகைப் பிரச்சினை அன்று. நெடுநேரம் நீரின்றி இருக்கும் சிறு குழந்தைக்கு மயக்கம் தொடங்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம், சர்க்கரை அளவும் குறையலாம்; மூளைக்கு வேண்டியது இவை இரண்டும்தான். மருந்து மூளையைக் கெடுக்குமா என்று உலகம் முழுவதும் ஆராய்ந்துகொண்டிருக்கும்போது, ஒரு தொலைபேசி அழைப்பால் வந்த இந்த ஆபத்தை யாரும் கவனிக்காமல் விட்டது எனக்கு ஏற்கவே முடியாததாக இருக்கிறது. விஷயம் தெரிந்ததும் மயக்க மருத்துவர் வருத்தம் தெரிவித்து, விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பரிசோதித்த பிறகே உள்ளே அழைத்துச் சென்றார். அளவு சரியாக இருந்தது. ஆனாலும் மருத்துவர் சொல்வதும் வார்டு சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டியது சேவையின் அடிப்படை. ஐரோப்பாவில் தண்ணீருக்கான இடைவெளியை ஒரு மணி நேரமாகவே குறைத்துவிட்டார்கள் என்று பின்னர் படித்தபோது கோபம் இன்னும் கூடியது.

மயங்கும் வரை என்னை உடன் இருக்க அனுமதித்தார்கள். பச்சை அங்கியும் தொப்பியும் அணிந்து, குழந்தையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இயந்திரத்தின் மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு திருகு. அதுதான் செவோஃப்ளூரேன் ஆவியாகும் கருவி என்று சொன்னார்கள். நெடி குறைவாக இருப்பதால் குழந்தைகள் இருமாமல் சுவாசித்துவிடுவார்களாம். காலில் கட்டிய சிறு விளக்கோடு இணைந்த கருவியிலிருந்து "டிக், டிக்" என்று ஒலி கேட்டுக்கொண்டிருந்தது. மருத்துவர் என்னிடம் மெதுவாக, "அந்த ஒலியின் சுருதியைக் கேளுங்கள் அம்மா, இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் சுருதி இறங்கும், நான் திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிடும்" என்றார். முகமூடி வைத்துச் சில மூச்சுக்களில் என் கையில் இருந்த உடல் கனத்தது. சுருதி மாறவில்லை. வெளியில் வந்து நின்ற பிறகும் என் காதில் அந்த ஒலிதான் கேட்டுக்கொண்டிருந்தது. எந்த மருந்து என்று அத்தனை நாள் தேடிப் படித்த எனக்கு, ஆக்சிஜனையும் இரத்த அழுத்தத்தையும் மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவையும் உடல் வெப்பத்தையும் விட்டு ஒரு நொடியும் கண்ணை எடுக்காமல் ஒருவர் முழு நேரமும் உடன் நிற்பதே பெரிய பாதுகாப்பு என்பது அப்போது புரிந்தது. குழந்தை மயங்கிய பிறகு வால் எலும்புக்கு அருகில் மரத்துப்போகும் ஊசி போட்டதால் வாயுவும் குறைவாகவே தேவைப்பட்டது, விழித்த பிறகு வலியும் குறைவாகவே இருந்தது.

இரண்டாவது குறை, மீட்பு அறையில் நடந்தது. விழித்ததும் அவன் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு கத்தினான். கண் திறந்திருந்தும் என்னைப் பார்க்கவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை. நான் தூக்கியபோது யாரோ ஒரு வேற்றாள் தூக்கியது போல என்னைத் தள்ளினான். மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அங்கிருந்த செவிலியர், "சும்மா பிடிச்சுக்கோங்க" என்றதோடு சரி. இருபது நிமிடத்தில் அவனாகவே அடங்கி, என் முகத்தைத் தடவி, "ம்மா" என்றான். செவோஃப்ளூரேனிலிருந்து விழிக்கும் சிறு குழந்தைகள் பலருக்கு இந்தக் குழப்பம் வருவதுண்டு, அது நிலையான பாதிப்பு அல்ல, பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும் என்று மருத்துவர் வந்து விளக்கினார். நாற்பது நிமிடம் பொறுமையாகப் பேசியவர், இந்த ஒரு வாக்கியத்தை அன்றைக்கே சொல்லியிருந்தால் அந்த இருபது நிமிடங்கள் எனக்கு நேர்ந்திருக்காது.

சம்மதப் படிவம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நானும் என் கணவரும் படித்துவிட்டோம். பக்கத்துப் படுக்கையில் பேரனோடு வந்திருந்த பாட்டி, எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். மொத்தம் 58,000 ரூபாய்க் கட்டணத்தில் மயக்க மருத்துவருக்கு 9,000 ரூபாய் எனத் தனியாகக் காட்டியிருந்தார்கள். அந்தப் பணம் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. மறுநாள் காலையில் தொலைபேசியில் அழைத்து, பால் குடித்தானா, சிறுநீர் கழித்தானா என்று விசாரித்தார்கள். மருத்துவருக்கு ஐந்துக்கு ஐந்தும், வார்டின் ஒருங்கிணைப்புக்கு ஐந்துக்கு இரண்டும் கொடுப்பேன்.

இன்னொன்று, இது கேட்டால்தான் கிடைக்கும். வீட்டுக்குக் கிளம்பும் முன் மயக்க மருந்து விவரத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன், தருவதற்குத் தயங்கவில்லை. எந்தெந்த மருந்து, என்ன அளவு, மூச்சுக்குழாய்க்கு எந்த அளவுக் கருவி, மொத்தம் 65 நிமிடம் என்று ஒரு பக்கத்தில் எழுதி மருத்துவர் கையெழுத்திட்டுத் தந்தார். என்றைக்காவது வேறொரு மருத்துவர் இவனுக்கு மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான் என்பதால், அந்தத் தாளை இவனுடைய தடுப்பூசி அட்டைக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.